விசில் ஏன் கால் பகுதிக்குக் கால் பகுதி மாறுகிறது?

அமெரிக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது: முதல் ஐந்து நிமிடத்தில் லேசாகக் கை பட்டதற்கே ஃபவுல் கொடுத்த நடுவர்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் ஒருத்தியைத் தள்ளி விழவைத்தாலும் பேசாமல் ஓடுகிறார்களே, ஏன்? ஆட்டம் முரட்டுத்தனமாகிவிட்டதா, இல்லை நடுவர்கள் தடுமாறுகிறார்களா?

இரண்டும் உண்டு, ஒன்று மற்றதை வளர்க்கிறது. ஆனால் பெரிய சேதம் வருவது அளவுகோல் ஒரே ஆட்டத்துக்குள் இடம்மாறுவதால்தான். இறுக்கமாக ஊதினாலும் தளர்வாக ஊதினாலும் நல்ல அணி முதல் சில நிமிடங்களில் பழகிக்கொள்ளும். நான்கு கால் பகுதிகளாக நடக்கும் ஆட்டத்தில் மூன்றாவதில் அந்த அளவு மாறினால் யாராலும் பழக முடியாது. அதுவரை கையை அடக்கி ஆடிய அணிக்குத்தான் நஷ்டம். கையை எடுக்காமலே ஆடிய அணிக்கு லாபம். இந்த லாபக் கணக்கைப் பயிற்சியாளர்கள் நன்றாக அறிவார்கள்.

முதலில் விதி. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே (டிரிபிள் செய்து) வருபவளிடம் தடுப்பவள் செய்யக் கூடாதவை நான்கு: இரண்டு கையையும் அவள் மேல் வைப்பது, ஒரு கையையோ முன்கையையோ வைத்து எடுக்காமலிருப்பது, விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டே இருப்பது, முன்கையைக் குறுக்குக் கம்பி போல நீட்டி வழியை மறிப்பது. இவற்றில் எதைச் செய்தாலும் ஃபவுல். இதனால் அவளுக்கு நஷ்டம் வந்ததா என்று நடுவர் யோசிக்க வேண்டியதில்லை. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தடையற்ற நகர்வு வேண்டும் என்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. வலியுறுத்தி வருவதன் மையம் இந்த நான்கும்தான்.

மற்ற இடங்களில் நடுவர் எடை போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் நான்கு சோதனைகள் ரிதம், வேகம், சமநிலை, சுறுசுறுப்பு. மோதலால் இந்த நான்கில் ஒன்று கெட்டால் விசில், கெடாவிட்டால் ஆட்டம் தொடரும். சீரின்மை நுழைகிற வாசலும் இதுவே. நல்ல உடற்கட்டுள்ள ஒரு கார்டு (வெளிவட்டத்தில் ஆடுபவள்) இடுப்பில் இடி வாங்கியும் நிலைகுலையாமல் கூடையை நோக்கிப் போகிறாள், விசில் இல்லை. மெலிந்தவள் அதே இடியில் இரண்டடி விலகிப் போகிறாள், விசில் உண்டு. சோதனையின்படி இரண்டு முடிவும் சரி. பார்ப்பவர் கண்ணுக்கோ ஒரே மோதலுக்கு இரண்டு தீர்ப்பு. பலமான வீராங்கனைகளுக்கு இந்த முறை அநியாயமாகவே முடிகிறது: தாங்கிக்கொண்டதற்காக அவர்களுக்கு ஃபவுல் கிடைப்பதில்லை. அடி வாங்கிய அந்த ஷாட் தவறிப்போனால், விசிலும் இல்லை, புள்ளியும் இல்லை.

அரங்கம் முழுவதும் கத்துகிற சில சமயங்களில் நடுவர் சரியாகவே இருப்பார். ரீபவுண்டில் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும்போது) பின்னாலிருந்து தலைக்கு மேல் எட்டிப் பந்தைப் பிடிப்பது தானாகவே ஃபவுல் ஆகாது. முன்னால் நிற்பவளைத் தள்ளி இடம்பெயர்த்தால்தான் ஃபவுல். பந்தின் மேல் இருக்கும் கை பந்தின் பகுதியாகவே கருதப்படும். அந்தக் கையில் அடி விழுந்தால் விசில் வராது. தடுப்பவள் தன் இடத்தில் நேர் மேலாகக் குதித்து, கைகளைச் செங்குத்தாக வைத்திருந்தால், மோதல் எவ்வளவு பலமாக இருந்தாலும் பழி அவள்மேல் விழாது. கையை முன்புறம் சாய்த்துவிட்டால் கதை வேறு. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு ஓர் ஆட்டத்தைப் பாருங்கள், உங்கள் புகார்களில் கணிசமானவை கழிந்துவிடும். மிச்சம் நிற்பவைதான் உண்மையான புகார்கள்.

அவை பெரும்பாலும் போஸ்டில், அதாவது கூடைக்கு அருகே இடம்பிடித்து ஆடும் பகுதியில், நடக்கின்றன. கூடைக்கு முதுகு காட்டிப் பந்துடன் நிற்பவள்மேல் முழங்கை மடித்த ஒரு முன்கையை வைத்துத் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். முழங்காலைப் பின்தொடையில் கொடுத்து நெம்பக் கூடாது, கையை நீட்டித் தள்ளக் கூடாது. தாக்குபவளும் பின்பக்கத்தால் இடித்து இடித்துத் தடுப்பவளை இடம்பெயர்க்கக் கூடாது. எழுத்தில் இது தெளிவாகத்தான் இருக்கிறது. களத்தில் இருவரும் ஒரே சமயத்தில் நெம்புவார்கள். யார் தொடங்கினாள் என்பதைப் பார்க்காத நடுவருக்கு இரண்டாவது தள்ளல் மட்டுமே தெரியும், அல்லது இருவரும் சமம் என்று விட்டுவிடுவார். பந்து உள்ளே வருவதற்கு முன்பே பாதிச் சண்டை முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பெரும்பாலான கண்கள் பந்தின்மேல் இருக்கும்.

நடுவர்கள் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொண்டால் எது தவறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். மூன்று பேர். லீட் என்பவர் கூடைக்குப் பின்னால், எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பார். டிரெயில் நடுக்கோட்டின் பக்கமிருந்து, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஆட்டத்தைப் பின்தொடர்வார். சென்டர் நடுவர் எதிர்ப்பக்கத்தில், ஃபவுலுக்காகத் தடுப்பார் இன்றிக் கூடைக்கு எறியும் ஃப்ரீ த்ரோ கோட்டின் நீட்சியில் இருப்பார். பந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்த் தங்கினால் லீட் கூடைக்கடியில் குறுக்கே நடந்து அந்தப் பக்கம் வருவார். மற்ற இருவரும் பொறுப்பை மாற்றிக்கொள்வார்கள். இந்த இடமாற்றம் நடக்கும் ஓரிரு நொடிகளில் போஸ்டில் நடப்பதற்கு முழுப் பொறுப்பாளி யாரும் இல்லை. அனுபவமுள்ள போஸ்ட் வீராங்கனை நெம்புவதற்குத் தேர்ந்தெடுப்பது இந்த நொடிகளைத்தான்.

இன்னொரு குருட்டுப் புள்ளி, நேர்க்கோட்டில் மாட்டிக்கொள்வது. நடுவர், தாக்குபவள், தடுப்பவள் மூவரும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் இரண்டு உடலுக்கும் இடையிலுள்ள வெளி தெரியாது. முதுகு மட்டும்தான் தெரியும். அப்போது வரும் விசில் பெரும்பாலும் ஊகம்: சத்தம் கேட்டது, ஒருத்தி விழுந்தாள், ஆகவே ஃபவுல். ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றிருந்தால் அதே நடுவர் சரியாகச் சொல்லியிருப்பார். 2021-22 பருவத்தில் பெண்கள் ஆட்டத்தின் மூன்று புள்ளிக் கோடு சர்வதேசத் தூரமான 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆட்டம் அழகாக விரிந்தது. கூடவே மூன்று ஜோடிக் கண்கள் மேய வேண்டிய பரப்பும் கூடியது. பந்தோடு வெளியிலிருந்து கூடையை நோக்கிப் பாயும் டிரைவ்கள் நீண்டன, உதவிக்கு ஓடிவரும் இரண்டாவது தடுப்பாளர் இன்னும் தூரத்திலிருந்து, இன்னும் வேகமாக வந்து சேர்கிறாள். மோதியவள் குற்றவாளியா, தடுத்தவள் குற்றவாளியா என்பதே எல்லாவற்றிலும் கடினமான தீர்ப்பு. அது இப்போது இன்னும் கடினம்.

இனி ஃபவுல் கணக்கு. முரட்டு ஆட்டம் ஏன் பலனளிக்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

2015-16லிருந்து பெண்கள் கல்லூரி ஆட்டம் பத்து நிமிடக் கால் பகுதிகள் நான்காக ஆடப்படுகிறது. நம் ஊரில் ஆடும் சர்வதேச விதியும் இப்படியே என்பதால் நமக்குப் புதிதல்ல; ஆண்கள் கல்லூரி ஆட்டம்தான் இன்னும் இருபது நிமிடப் பாதிகள் இரண்டு. ஒரு கால் பகுதியில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அடுத்த கால் பகுதியில் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கூடுதல் நேரம் மட்டும் நான்காம் கால் பகுதியின் தொடர்ச்சியாகக் கணக்கிடப்படும்.

அப்படியென்றால் ஷாட் அடிக்காதவள்மேல் செய்யும் முதல் நான்கு ஃபவுல்களுக்கு எதிரணிக்குப் பந்து மட்டும்தான், ஃப்ரீ த்ரோ கிடையாது. ஆட்டம் முழுக்கப் பார்த்தால் அப்படிப் பதினாறு ஃபவுல் ஏறத்தாழ இலவசம். ஓர் அணி ஆட்டமொன்றுக்கு ஏறத்தாழ எழுபது முறை தடுப்பாட்டம் ஆடுகிறது. எழுபதிலும் கை வைத்தால் நடுவர் எழுபது தடவை ஊத மாட்டார். ஊதினால் ஆட்டமே நடக்காது. பத்துப் பதினைந்து தடவை ஊதுவார், மிச்சமெல்லாம் லாபம். மறுபக்கம், எதிரணி ஃப்ரீ த்ரோ கட்டத்துக்கு வந்துவிட்டால் விலை எகிறும். பெண்கள் முதல்நிலைப் பிரிவில் ஃப்ரீ த்ரோ சராசரி ஏறத்தாழ 70 சதவீதம். இரண்டு ஃப்ரீ த்ரோ என்றால் சராசரியாக 1.4 புள்ளி, சாதாரணமாக ஒரு முறை பந்து கைக்கு வருவதன் சராசரி மதிப்பு ஒரு புள்ளிக்கும் கீழே. ஆகவே கெட்டிக்காரப் பயிற்சியாளர் கால் பகுதியின் முதல் ஆறேழு நிமிடத்துக்கு நான்கு ஃபவுலைச் செலவழிக்க விடுவார், நான்கும் தீர்ந்ததும் கையை எடுக்கச் சொல்வார். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையே நடுவரும் தன்னையறியாமல் தயங்குகிறார் என்பதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்.

தனி வீராங்கனைக்கு ஐந்து ஃபவுல் வரம்பு. இது எல்லா அணிகளையும் ஒரே மாதிரி கட்டுப்படுத்துவதில்லை. ஒன்பது பத்துப் பேரைச் சுழற்றி ஆடும் அணிக்கு ஐம்பது வரை ஃபவுல் கையிருப்பு. ஆறு பேரை நம்பியிருக்கும் அணிக்கு முப்பது. அதிலும் முதல் கால் பகுதியிலேயே நட்சத்திர வீராங்கனை இரண்டு ஃபவுல் வாங்கிவிட்டால் அவளை வெளியே உட்கார வைப்பது வழக்கம். முரட்டு ஆட்டம் ஆழமான பெஞ்ச் (நல்ல மாற்று வீராங்கனைகள்) உள்ளவர்களின் ஆயுதமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

2023 ஏப்ரல் 2 அன்று டல்லஸில் நடந்த தேசிய இறுதியாட்டம், எல்.எஸ்.யூ.வும் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) ஐயோவா பல்கலைக்கழகமும் மோதியது, இதற்கெல்லாம் நல்ல பாடம். எல்.எஸ்.யூ. 102-85 என்று வென்றது. மொத்தம் 37 ஃபவுல். இரு அணியின் முக்கிய வீராங்கனைகளும் ஃபவுல் சிக்கலில் வெளியே உட்கார நேர்ந்தது. எல்.எஸ்.யூ.வுக்கு ஜாஸ்மின் கார்சன் பெஞ்சிலிருந்து வந்து முதல் பாதியிலேயே 21 புள்ளி எடுத்தார். ஐயோவாவிடம் அப்படி ஒரு மாற்று இல்லை. மூன்றாம் கால் பகுதியில் 1 நிமிடம் 3 நொடி மீதமிருக்கும்போது ஐயோவாவின் மோனிகா சினானோவுக்கு நான்காவது ஃபவுல். உடனே, பந்தை நடுவரிடம் கொடுக்காமல் தூக்கிப் போட்டதற்காக அதே அணியின் கெய்ட்லின் கிளார்க்குக்கு டெக்னிக்கல் ஃபவுல் (மோதலுக்கு அல்ல, நடத்தைக்கான தண்டனை). அது அவருக்கும் நான்காவது. இரண்டாம் கால் பகுதியிலேயே ஐயோவாவுக்குத் தாமதப்படுத்தியதற்கான எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது என்பது அதிகாரபூர்வ விளக்கம். விதிப்படி தீர்ப்பு சரி. ஆனால் அதே செயலைப் பருவம் முழுக்கக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு இறுதியாட்டத்தில் பிடித்தால், வீராங்கனைக்கு அது விதியாகத் தெரியாது, பொறியாகத் தெரியும். ஒரு தீர்ப்பு சரியா தவறா என்பது ஒரு கேள்வி; அதை எதிர்பார்க்க முடிந்ததா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு அரையிறுதியில் இது இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. 2024 ஏப்ரல் 5, கிளீவ்லாந்து. ஐயோவா 70, யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) 69. 3.9 நொடி மீதம், பந்து யூகானிடம். பெய்ஜ் பூக்கர்ஸுக்காக அவர் அணியின் ஆலியா எட்வர்ட்ஸ் போட்ட ஸ்கிரீனில் (தடுப்பவளின் வழியை உடலால் மறித்து நிற்பது) ஐயோவாவின் கேபி மார்ஷல் மோத, நகர்ந்தபடி ஸ்கிரீன் போட்டதாக எட்வர்ட்ஸ் மேல் ஃபவுல். ஐயோவா 71-69 என்று வென்றது. விதி சொல்வது: ஸ்கிரீன் போடுபவள் மோதல் நேரத்தில் அசையாமல் நிற்க வேண்டும், கால்களைத் தோள் அகலத்துக்கு மேல் விரிக்கக் கூடாது, நகர்ந்துகொண்டிருக்கும் எதிராளிக்கு நிற்கவோ திரும்பவோ போதிய தூரம் விட வேண்டும். அந்த ஸ்கிரீனை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஃபவுலுக்கான காரணம் தெரிகிறது. ஆட்டத்துக்குப் பிறகு யூகான் பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மா, நினைத்தால் ஒவ்வொரு முறை பந்து வரும்போதும் இப்படி ஒரு ஸ்கிரீனைத் தவறென்று சொல்லிவிடலாம் என்ற பொருளில் பேசினார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் அதற்கான தீர்வு கடைசி நொடியில் விசிலை விழுங்குவது அல்ல. முதல் கால் பகுதியில் இரண்டு நகரும் ஸ்கிரீனை ஊதியிருந்தால், கடைசி நொடியில் எந்த வீராங்கனையும் காலை நிறுத்தித்தான் போடுவாள்.

ஊதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஆண்டு மார்ச் 10 அன்று நடந்த எஸ்.இ.சி. (தென்கிழக்குக் கல்லூரிகளின் லீக்) இறுதியாட்டம் சாட்சி. தென் கரோலைனா, எல்.எஸ்.யூ. இரண்டும் உடல்பலத்தால் ஆடும் அணிகள். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் ஒரு வேண்டுமென்றே செய்த ஃபவுல், அதைத் தொடர்ந்து ஓர் இடி, பிறகு தென் கரோலைனாவின் கமிலா கார்டோசோ எல்.எஸ்.யூ.வின் ஃபிளாஜே ஜான்சனைத் தரையில் தள்ளினார். கார்டோசோ வெளியேற்றப்பட்டார், என்.சி.ஏ.ஏ. தொடரின் முதல் ஆட்டத்தில் ஆடும் வாய்ப்பையும் இழந்தார். பெஞ்சிலிருந்து களத்துக்குள் வந்தவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். இவ்வளவு சூடு திடீரென்று வராது. பந்தில்லாத இடத்தில் நடந்த சின்னச் சின்ன இடிகளின் பாக்கி அது. விசில் ஊதி முடித்த பிறகு வரும் தோள் இடி, விழுந்தவளைத் தாண்டிப் போகும்போது காட்டும் முறைப்பு, இவற்றை முதல் தடவையே இருவரையும் கூப்பிட்டுப் பேசி நிறுத்த வேண்டும். பேச்சு எடுபடாவிட்டால் டெக்னிக்கல் ஃபவுல் கொடுக்க வேண்டும்.

முரட்டுத்தனம் என்ற சொல் எல்லா அணிக்கும் ஒரே மாதிரி ஒட்டப்படுவதில்லை. 2023இல் தென் கரோலைனாவின் ரீபவுண்டை மதுக்கடைச் சண்டையோடு ஒப்பிடும் பேச்சு ஐயோவா பயிற்சியாளர் வாயிலாக வெளிவந்தது. கறுப்பின வீராங்கனைகள் பெரும்பான்மையாக உள்ள தன் அணியை இப்படிச் சித்திரிப்பதைத் தென் கரோலைனா பயிற்சியாளர் டான் ஸ்டேலி வெளிப்படையாக எதிர்த்தார். அவர் எதிர்த்தது நியாயம். சரியான நேரத்தில் முதுகைக் கொடுத்து எதிராளியை வெளியே அடைத்து ரீபவுண்ட் எடுப்பது பயிற்சியால் வரும் கலை. அதை அடிதடி என்று முன்கூட்டியே பெயர் சூட்டினால் நடுவர் மனத்திலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

நடுவர்கள் வேண்டுமென்றே பக்கம் சாய்கிறார்களா? அதற்கு ஆதாரம் காண்பது அரிது. அறியாமல் சாய்வது வேறு விஷயம். கைல் ஆண்டர்சன், டேவிட் பியர்ஸ் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு 365 ஆட்டங்களை எடுத்துப் பார்த்தது. அவை ஆண்கள் கல்லூரி ஆட்டங்கள். ஃபவுல் எண்ணிக்கையில் ஒரு அணி எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவுக்கு அடுத்த ஃபவுல் மற்ற அணிமேல் விழும் வாய்ப்பு கூடியது; சொந்த மண்ணில் ஆடும் அணிக்கும் சாதகம் இருந்தது. ஆண்கள் ஆட்டத்தின் எண்களை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது, ஆனால் மனித மனம் சமப்படுத்த விரும்புகிறது என்பது பொது. முரட்டு அணிக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது: எவ்வளவு அடித்தாலும் எண்ணிக்கை தானாகச் சமப்படும்.

அமைப்பிலும் கோளாறு உண்டு. கல்லூரி நடுவர்கள் யாருடைய முழுநேர ஊழியரும் அல்லர். ஆட்டத்துக்கு ஆட்டம் சம்பளம் வாங்கும் ஒப்பந்தக்காரர்கள். ஒவ்வொரு கான்ஃபரன்ஸின் (கல்லூரிகள் சேர்ந்த லீக்) ஒருங்கிணைப்பாளரும் அவர்களை அழைக்கிறார். ஒரே நடுவர் ஒரே வாரத்தில் வெவ்வேறு கான்ஃபரன்ஸ்களில், வெவ்வேறு நகரங்களில், வெவ்வேறு கூட்டாளிகளோடு ஊதுகிறார். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு விடலாம் என்பதில் பழக்கம் வேறு. மார்ச் மாதத் தேசியத் தொடரில் அதிகம் சேர்ந்து ஊதியிராத மூவர் ஒரே களத்துக்கு வரலாம். தேசியத் தொடரில் பெண்கள் ஆட்ட நடுவர்களுக்கு ஆண்கள் ஆட்டத்துக்கு இணையான சம்பளம் 2022இல்தான் வந்தது. என் யோசனை எளிது: தேர்ந்தெடுத்த மூவரைத் தொடர் முழுக்கப் பிரிக்காமல் ஒரே குழுவாக மேலே கொண்டுபோங்கள். தனித்தனியாக மதிப்பெண் போட்டு உயர்த்துவதைவிடச் சீரான விசில் கிடைக்கும்.

வீடியோ இதைத் தீர்க்காது. 2025-26இல் பயிற்சியாளர் சவால் முறை வந்திருக்கிறது. பந்து யார்மேல் பட்டு வெளியே போனது போன்றவற்றுக்கு உதவும். ஆனால் ஒரு மோதல் ஃபவுலா இல்லையா என்பதைச் சவாலுக்கு உட்படுத்த முடியாது. அதுவே சரி, எல்லா மோதலையும் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எல்லாமே ஃபவுலாகத் தெரியும்.

அணிகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பெரும்பாலான பெரிய அணிகள் பயிற்சியில் ஆண் மாணவர்களோடு மோதி ஆடுகின்றன. அந்த நேரத்தில் பத்து நிமிடம் விசிலே இல்லாமலும், அடுத்த பத்து நிமிடம் ஒவ்வொரு தொடுகைக்கும் ஃபவுல் கொடுத்தும் ஆடவைக்க வேண்டும். இரண்டு வகை ஆட்டத்துக்கும் உடல் பழகியிருந்தால் அளவு மாறும்போது பதற்றம் வராது. ஆட்டத்தின் முதல் நான்கு நிமிடத்தில் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் விசில்களை மட்டும் குறித்து, முதல் இடைவேளையில் ஒற்றை வரியில் சொல்ல வேண்டும்: வெளியே இறுக்கம், உள்ளே தளர்வு என்பது போல. நடுவரிடம் பேசும்போது "ஃபவுலே தெரியவில்லையா" என்று கத்துவதால் பயனில்லை. "அவள் இடது கை என் இடுப்பிலேயே இருக்கிறது, அடுத்த முறை பாருங்கள்" என்று கேப்டன் அமைதியாகச் சொன்னால் அடுத்த முறை அவர் அங்கேதான் பார்ப்பார். போஸ்ட் வீராங்கனை பந்து வருவதற்கு முன்பே தடுப்பவளின் முன்பாதத்தைத் தாண்டித் தன் காலை ஊன்றி இடம்பிடித்துவிட்டால், பிந்தி நெம்புகிறவள் மற்றவள் என்பது நடுவருக்குத் தெளிவாகத் தெரியும்.

ஒரே ஒரு மோதலில் மட்டும் எந்த அளவுகோலும் வேண்டாம்: மேலே குதித்து ஷாட் அடித்தவள் இறங்கும் இடத்தில் காலை நுழைப்பது. கணுக்கால் போகும். புள்ளி வித்தியாசம் இரண்டாக இருந்தாலும் முப்பதாக இருந்தாலும் ஊத வேண்டும்.

பார்ப்பவர்கள் தாங்களே சீர்மையைச் சோதிக்கலாம். மொத்த ஃபவுல் எண்ணிக்கையை ஒப்பிடாதீர்கள். கூடைக்குள் பாய்ந்து ஆடும் அணிக்கு அதிக ஃபவுல் கிடைப்பது இயல்பு, வெளியிலிருந்தே எறியும் அணிக்குக் குறைவாகவே கிடைக்கும். ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: வெளிவட்டம், டிரைவ், போஸ்ட், ஸ்கிரீன், ரீபவுண்ட். எதிராளி இடம்பெயர்ந்த ஒவ்வொரு மோதலுக்கும் விசில் வந்ததா இல்லையா என்று குறியுங்கள், கால் பகுதி வாரியாக. கடைசி ஒன்றிரண்டு நிமிடத்தில் கடிகாரத்தை நிறுத்த வேண்டுமென்றே செய்யும் ஃபவுல்களைக் கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள். பிறகு முதல் கால் பகுதியின் போஸ்ட் கட்டத்தையும் நான்காம் கால் பகுதியின் போஸ்ட் கட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிவட்டத்தில் வித்தியாசம் சிறிதாக இருக்கலாம், நான்கு தடைகளும் எழுதியே இருப்பதால். போஸ்டிலும் ரீபவுண்டிலும் பெரிய இடைவெளி தெரிந்தால் உங்கள் புகார் நியாயமானது.